தாய் அல்ல என்று எழுதிக் கொடுத்தது

அந்தச் சனிக்கிழமை மதியம் பிரிட்ஜன் வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேஜையின் தலைமாட்டில் எர்லீன் பிரிட்ஜன். அது அவளுடைய இடம். பாதிரியார் சாப்பிட வந்தாலும் எழுந்து கொடுக்க மாட்டாள். பின்வாசலை ஒட்டி அவள் கணவன் ஓடெல், சேறு அப்பிய பூட்ஸைப் படியில் கழற்றிப் போட்டுவிட்டு வெறும் காலுறையோடு. அங்கே உட்கார்ந்தால்தான் கழுத்தைத் திருப்பாமல் வானம் பார்க்கலாம். குளிர்பெட்டிக்குப் பக்கத்தில், கைவைத்த நாற்காலி என்று அந்த வீட்டில் இருந்த ஒன்றே ஒன்றில், சபைச் செயலாளர் சிஸ்டர் வான்சீல் பார்ன்ஸ், முட்டிவலிக்காரி. ஜன்னலோரம் மாவட்ட நலத்துறையிலிருந்து வந்திருந்த மிஸ் டிஸ்டேல். மேஜையெல்லாம் மீன் எண்ணெயாக இருந்ததால் ஃபைலை மடியில் வைத்திருந்தாள். ஐந்தாவது ஆள் கியானா ஆர்ட்டிஸ். அவளுக்கும் மேஜையில் ஒரு நாற்காலி உண்டு. ஆனால் பதினாலு வயதில் இந்த வீட்டுக்கு வந்த அன்று அடுப்புப் பக்கத்து மர முக்காலியில் போய் உட்கார்ந்தவள், பதினெட்டு முடிந்த பிறகும் அதை விடவில்லை.

காலையில் ஸ்பைட் பண்ணையில் சர்க்கரைவள்ளி நடவு. பத்து மணிக்கெல்லாம் மேற்கே கறுத்து, பதினொன்றுக்குக் கொட்டத் தொடங்கி, நடவு வண்டி பாதிச் சாலில் நின்றுவிட்டது. டிராக்டர் இழுக்கும் அந்த வண்டியின் பின்புறம் ஜோடி ஜோடியாகப் பெண்கள் உட்கார்ந்து, மடியில் கிடக்கும் கொடி நாற்றை ஒவ்வொன்றாக எடுத்து, நடும் சக்கரத்தின் இரும்பு விரல்களில் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். எர்லீன் அந்தப் பெண்களுக்குத் தலைவி. வண்டிக்குப் பின்னால் நடந்து, விழுந்ததை நிமிர்த்தி, தவறியதைக் குத்தி, தூங்குகிறவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவள் வேலை. வயலின் முதல் சால் நேராக விழ மட்டும் கியானாவைக் கூப்பிடுவார்கள். எதிர்க் கோடியில் ஒரு பைன் மரத்தைக் குறி வைத்துக்கொண்டு டிராக்டருக்கு முன்னால் நடப்பாள். அவள் நடந்த சால் கயிறு பிடித்த மாதிரி இருக்கும். அதனால்தான் நில அளவை படிக்கப் போகிறேன் என்றாள். மாநிலக் கல்லூரி ஒன்று இடமும் கொடுத்துவிட்டது.

இடம் கொடுத்த கல்லூரி பணம் கொடுக்கவில்லை. இன்று ஐந்து பேர் கூடியது அதற்காகத்தான்.

"முதல்ல சாப்பிடுங்க" என்றாள் எர்லீன். "வயித்துல மீன் இல்லாம ஒருத்தரும் பேனாவத் தொடக்கூடாது."

குரோக்கர் மீனைச் சோளமாவில் புரட்டிப் பொரித்திருந்தாள். வெண்ணெய் அவரை, கீரை, சோள ரொட்டி, ஐஸ் மிதக்கும் இனிப்புத் தேநீர். மிஸ் டிஸ்டேல் முள்ளை எடுத்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கினாள்.

"மிஸ் டிஸ்டேல், அதை மென்னு முழுங்கிறலாம். முறுகலாத்தான் இருக்கும்" என்றான் ஓடெல்.

"தொண்டையில மாட்டிக்குமோன்னு."

"மாட்டிக்கிட்டா நல்லதுதான். நாளைக்கு வரைக்கும் இங்கயே இருந்து லெட்டர முடிச்சிக் குடுத்துட்டுப் போகலாம்."

கூரைத் தகரத்தில் மழை தட்டிக்கொண்டிருந்தது. நட்ட வயலுக்கு நல்ல மழை. நடாத வயலுக்குக் கெட்ட மழை. ஸ்பைட் பண்ணையில் இரண்டும் பாதிப் பாதி.

நடந்தது இதுதான். ஜனவரியில் சபையின் கீழ்த்தளக் கூடத்தில், கல்லூரி போகிற பிள்ளைகளுக்கெல்லாம் அரசு உதவி விண்ணப்பம் நிரப்புகிற மாலை ஒன்று நடந்தது. சிஸ்டர் வான்சீல்தான் நடத்தினாள். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கோழிக் குழம்பு. எர்லீனும் கியானாவும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியாகப் போயிற்று. பிறகு ஒரு கேள்வி வந்தது: பதின்மூன்று வயதுக்குப் பிறகு எப்போதாவது நீங்கள் அரசின் பொறுப்பில் வளர்ப்புப் பிள்ளையாக இருந்தீர்களா?

கியானாவின் விரல் அங்கே நின்றது.

அந்த வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தைகள் இரண்டு. ஒன்று கெட்ட வார்த்தை. அதை இங்கே எழுத வேண்டியதில்லை. மற்றது 'வளர்ப்புப் பிள்ளை'. கியானா வந்த முதல் மாதம் பள்ளிப் பேருந்தில் ஒரு பயல் அப்படிக் கூப்பிட்டு, அவள் மூன்று நாள் பேருந்தில் ஏறாமல் நடந்தே போனாள். எர்லீன் அன்றே சட்டம் போட்டாள்: இந்தக் கூரைக்குக் கீழே அந்த வார்த்தையைச் சொல்கிறவர் மீன் பொரிக்கிற இரும்புச் சட்டியைத் தேய்க்க வேண்டும். சோப்பு படக்கூடாது; உப்பைப் போட்டுத் துணியால் அரைமணி நேரம் தேய்க்க வேண்டும். ஓடெல் இரண்டு முறை தேய்த்திருக்கிறான். சபைப் பாதிரியார் ஒரு முறை, கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு.

அப்படிப்பட்ட சட்டம் போட்டவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பெண் வேறென்ன செய்வாள்? எர்லீனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லைன்னு போடு" என்றாள் எர்லீன்.

அடுத்த பக்கம் பெற்றோர் யார் என்று கேட்டது. எர்லீன் தானே விசைப்பலகையை இழுத்துத் தன் பெயரை எழுதினாள். ஓடெலின் பெயரை எழுதினாள். இருவரின் வருமானத்தையும் எழுதினாள். சிஸ்டர் வான்சீல் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்து, "ஆமென்" என்றாள். அன்று வீடு திரும்பும்போது எர்லீன் காரில் பாடிக்கொண்டே வந்தாள்.

ஏப்ரலில் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. பெற்றோரின் வருமானத்தை வைத்துப் பார்த்தால் உதவி கிடையாது. கடன் வேண்டுமானால் வாங்கிக்கொள்ளலாம். அவர்கள் கணக்கில் எடுத்த வருஷத்தில்தான் ஓடெல் தன் அப்பன் விட்டுப்போன பின்நிலத்துப் பைன் மரங்களை வெட்டி விற்றிருந்தான். அந்தப் பணம் கூரை மாற்றியதிலும் அவன் தம்பியின் ஆஸ்பத்திரிச் செலவிலும் போய் இரண்டு வருஷமாயிற்று. காகிதத்தில் மட்டும் அப்படியே நின்றது.

"என் பைன் மரம் விழற எடத்துல விழாம, இந்தப் புள்ள படிப்பு மேல வந்து விழுந்திருச்சு" என்று அப்போது சொன்னான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் அன்று முழுக்கக் கொட்டகையில் ரம்பத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே இருந்தான்.

மிஸ் டிஸ்டேல் ஜனவரியில் பிரசவ விடுப்பில் இருந்தாள். திரும்பி வந்து விண்ணப்பத்தைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். பதினாலு வயதில் அரசின் பொறுப்பில் இருந்த பிள்ளைக்கு யாருடைய வருமானமும் கணக்கில் வராது. அவள் வருமானம் மட்டும்தான். அரசு உதவி முழுசாகக் கிடைக்கும். அப்படி வளர்ந்தவர்களுக்கென்றே மாநிலம் தருகிற தனி உதவியும் உண்டு. கல்லூரிக்குப் போன் போட்டாள். அவர்கள் நல்ல மாதிரியாகத்தான் பேசினார்கள். விண்ணப்பத்தைத் திருத்தலாம்; ஆனால் ஏற்கெனவே ஒரு தாயும் தகப்பனும் அதில் எழுதப்பட்டிருப்பதால், மாவட்டத்தின் சான்றோடு, எழுதினவர் கையால், கையெழுத்துப் போட்டு, தான் பெற்றோர் அல்ல என்ற கடிதமும் வேண்டும். விடுதி இடத்தை மே இருபதாம் தேதி வரைக்கும் பிடித்து வைக்கலாம், அதற்கு மேல் முடியாது. மாவட்டச் சான்றைப் போனில் படம் பிடித்து அனுப்பியதை இரண்டு தடவை தெளிவில்லை என்று திருப்பிவிட்டு, எல்லாவற்றையும் தபாலிலேயே போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். இன்றைய தபாலில் போனால் நிம்மதியாகப் போய்ச் சேரும்.

"சரி" என்று கையைத் துடைத்துக்கொண்டாள் எர்லீன். "கியானா, அந்த நல்ல காகிதத்த எடு கண்ணு."

மேஜையைத் துடைத்து, பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் காகிதத்தை வைத்தாள். சிஸ்டர் வான்சீல் தன் கைப்பையிலிருந்து சபைப் பதிவேட்டில் எழுதுகிற கறுப்புப் பேனாவை எடுத்து நீட்டினாள்.

எர்லீன் எழுதினாள். அவள் எழுத்து பெரிய எழுத்து. ஒரு பக்கம் முடிந்தது, திருப்பினாள். மற்றவர்கள் தேநீர் குடித்தார்கள். ஓடெல் இரண்டு தடவை வானத்தைப் பார்த்தான். ஒருவழியாகப் பேனாவை வைத்துவிட்டு, "படிக்கிறேன் கேளுங்க" என்றாள்.

கடிதம் கியானா வந்த நாளில் தொடங்கியது. இரண்டு குப்பைப் பைகளில் துணியோடு வந்தது, ஒரு வாரம் சோள ரொட்டி மட்டுமே சாப்பிட்டது, பள்ளியில் முதல் பரிசு வாங்கியது, முதல் சால், கோழிக்குப் பெயர் வைத்தது, நிமோனியாவில் ஐந்து இரவு. இரண்டாம் பக்கத்தின் அடியில், 'ஆகவே நான் அவளுடைய தாய் இல்லையென்றால் வேறு யார் என்று நீங்களே சொல்லுங்கள்' என்று முடிந்தது.

"அல்லேலூயா" என்றாள் சிஸ்டர் வான்சீல், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மிஸ் டிஸ்டேல் மெதுவாகச் சொன்னாள்: "மிசஸ் பிரிட்ஜன், அருமையா இருக்கு. ஆனா இதை அனுப்பினா அவங்க உங்களையே தாய்னு முடிவு பண்ணிருவாங்க."

"பண்ணட்டுமே."

"பண்ணினா பணம் வராது."

"அந்தக் கடைசி வரிய மட்டும் எடுத்துட்டா?" என்றாள் வான்சீல்.

"எல்லா வரியையும் எடுக்கணும் சிஸ்டர். அந்த ஆபீஸ்ல ஒரு நாளைக்கு நூறு லெட்டர் படிக்கிறாங்க. அவங்களுக்கு வேண்டியது நாலே விஷயம். நீங்க பெத்தவங்க இல்ல. தத்தெடுக்கல. அவ வளர்ப்புப் பிள்ளையா மாவட்டத்தால..."

"ஆ!" என்றான் ஓடெல், முள்கரண்டியைத் தூக்கி. "சட்டி உங்களுக்கு!"

"மிஸ்டர் பிரிட்ஜன், நான் ஆபீஸ் வேலையா வந்திருக்கேன்."

"பாதிரியாரும் அப்படித்தான் சொன்னார். கோட்டக் கழட்டி அந்தக் கொக்கியில மாட்டுங்க."

கியானா முக்காலியில் உட்கார்ந்தபடி சிரித்தாள். எர்லீன் சிரிக்கவில்லை. "நாலு விஷயம்னீங்க. மூணு சொன்னீங்க" என்றாள்.

"நாலாவது, அவளைப் பாத்துக்கறதுக்கு மாநிலம் உங்களுக்கு மாசாமாசம் பணம் குடுத்துது. அதையும் எழுதிட்டா சந்தேகமே வராது."

சிஸ்டர் வான்சீல்தான் முதலில் வாயெடுத்தாள். "அதெதுக்கு? கூலிக்கு வளர்த்த மாதிரி ஆயிரும். இந்த ஊர்ல எர்லீன் பிரிட்ஜனப் பத்தி எவனாவது அப்படிச் சொல்லியிருந்தா நாக்க அறுத்திருப்பேன். இப்ப அவளே கைப்பட எழுதணுமா?"

"வாங்கினது உண்மைதானே வான்சீல்" என்றான் ஓடெல்.

"வாங்கினா என்ன? அந்தப் புள்ளைக்கு ஷூ வாங்கினதுக்கே பத்தல."

"அதை எழுதச் சொல்லலையே யாரும்."

"அதத்தான் நானும் கேக்கறேன். வாங்கினத எழுதணும், செலவழிச்சத எழுதக்கூடாது. இது என்ன கணக்கு?"

எர்லீன் இரண்டு பக்கக் கடிதத்தை நாலாக மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டாள். "நாளைக்கு அன்னையர் ஞாயித்துக்கெழம" என்றாள், யாரையும் பார்க்காமல். "நாளைக்குச் சபையில மத்த அம்மாக்களோட நான் எழுந்து நிக்கணும். இன்னைக்கு உக்காந்து இதை எழுதணுமா? திங்கக்கெழம எழுதறேன்."

"திங்கள் எழுதினா..." என்று தொடங்கினாள் மிஸ் டிஸ்டேல்.

"நான் பெத்தேன்னு பொய்யா சொன்னேன்? ஃபாரத்துல பெத்தவங்கன்னு எடம் காலியா இருந்துது. ஒருத்தரும் வந்து நிக்கல. நான் நின்னேன். அது தப்புன்னா தப்புத்தான்." எழுந்தாள். "மழை விட்டிருச்சு. நாத்து வெட்டணும்."

மழை விடவில்லை, தூறிக்கொண்டுதான் இருந்தது. அவள் கொட்டகையிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருந்த நாற்றுப் பாத்திக்குப் போனாள்.

"யாராவது போங்களேன்" என்றாள் மிஸ் டிஸ்டேல்.

ஓடெல் தலையாட்டினான். "நான் போனா மழைக்கு ஒதுங்கச் சொல்லுவா. நீங்க போனா சட்டியத் தேய்க்கச் சொல்லுவா." பிறகு முக்காலியைப் பார்த்தான். முக்காலி காலியாக இருந்தது.

பாத்தியில் விதைக்கிழங்குகள் மண்ணுக்கடியில் நெருக்கமாகப் படுத்திருக்க, மேலே கொடிகள் முழங்கால் உயரத்துக்குத் திமிறிக்கொண்டு நின்றன. கொடியைப் பிடுங்கக்கூடாது, மண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே வைத்து வெட்ட வேண்டும். மண்ணோடு தொட்டு வெட்டினால் கிழங்கின் அழுகல் நாற்றோடு வயலுக்கு வந்துவிடும். கியானா எதிர்ப்பக்கம் குனிந்து வெட்டத் தொடங்கினாள். வெட்டியதைக் கைப்பிடி கைப்பிடியாகப் பெட்டியில் நிற்க வைத்தார்கள். பால் வடிந்து இருவர் விரல்களும் கறுத்தன.

"கத்தியக் கீழ எறக்காத" என்றாள் எர்லீன்.

"எறக்கலை மிஸ் எர்லீன்."

பாத்தியின் பாதி வரை வெட்டிவிட்டார்கள். பிறகு கியானா சொன்னாள்: "நான் வேணாம்னு சொன்னதையா நெனச்சிட்டிருக்கீங்க?"

"எதை?"

"ஜட்ஜம்மா முன்னாடி. நீங்க என்னைத் தத்தெடுக்கறேன்னு சொன்னப்ப."

எர்லீன் ஒரு பிடி நாற்றைப் பெட்டியில் வைத்து, அது சாயாமல் தட்டி நிமிர்த்தினாள். "அது உன் இஷ்டம். அப்ப உனக்குப் பதினஞ்சு வயசு."

"பேர் மாறிட்டா எங்கம்மா தேடி வந்தா கண்டுபிடிக்க முடியாதேன்னு நெனச்சேன். ஃப்ளாரிடாவுலேருந்து வருவாங்கன்னு. பதினாறு முடியறப்பவே தெரிஞ்சுபோச்சு, வரமாட்டாங்கன்னு. அதுக்கப்புறம் நீங்க மறுபடி கேக்கலை."

"ஒரு தரம் வேணாம்னா வேணாம்தானே. திரும்பத் திரும்பக் கதவத் தட்டறதுக்கு நான் என்ன இன்சூரன்ஸ் விக்கிறவளா?"

"நானும் கேக்கலை."

"ஏன் கேக்கல?"

"கேட்டா, பாவம்னு சரின்னுடுவீங்களோன்னு."

"பாவம்!" எர்லீன் நிமிர்ந்துவிட்டாள். "வீட்டுல ஒரு வார்த்தைய ஒழிச்சேன். இதையும் சேத்து ஒழிச்சிருக்கணும்."

கியானா சிரித்தாள். தூறல் அவள் தலைமுடியில் முத்து முத்தாகத் தங்கியிருந்தது. "மிஸ் டிஸ்டேல் கார்லேருந்து எறங்கும்போதே சொன்னாங்க. அன்னைக்கு நான் சரின்னு சொல்லியிருந்தாக்கூட இந்த உதவி கெடைச்சிருக்குமாம். பதிமூணுக்கு மேல தத்துக் குடுத்தா கணக்குல மாத்தம் இல்லையாம்."

"அப்ப அது நஷ்டமும் இல்ல, லாபமும் இல்ல."

"ஆமா. அதனால அதுக்கும் காலேஜுக்கும் சம்பந்தமே இல்ல." கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "அந்த ஆபீஸ்ல இருக்கறவங்க கேட்டதுக்கு நீங்க பதில் எழுதறீங்க. நானா கேட்டேன்? நான் கேட்டிருந்தா அந்த ரெண்டு பக்கம். அதை என்கிட்ட குடுத்துருங்க. அங்க கொண்டு போறேன்."

எர்லீன் ஏப்ரன் பையைத் தொட்டுப் பார்த்தாள். கொடுக்கவில்லை. ஆனால் அது நனையாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

அவர்கள் சபையில் அன்னையர் ஞாயிறன்று எல்லோரும் ரோஜா குத்திக்கொண்டு வருவார்கள். தாய் உயிரோடு இருப்பவர்களுக்குச் சிவப்பு, தாயை இழந்தவர்களுக்கு வெள்ளை. எர்லீன் பல வருஷமாக வெள்ளை. கியானாவுக்கு ஒவ்வொரு வருஷமும் எர்லீனே வேலியோரச் செடியிலிருந்து சிவப்புப் பூ பறித்துக் குத்திவிடுவாள். எந்தத் தாய்க்காக என்று அவளும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை.

"நாளைக்கு என்ன பூ?" என்று இப்போது கேட்டாள் எர்லீன், குனிந்து வெட்டிக்கொண்டே. "லெட்டர் எழுதினதுக்கப்புறம்?"

"சிவப்புத்தான். யாருக்குன்னு கேக்காதீங்க. ரெண்டு பேரும் உயிரோடதான இருக்கீங்க."

எர்லீன் பாத்தியின் முனைவரை வெட்டி முடித்தாள். பெட்டியைத் தூக்கிக் கொட்டகை நிழலில் வைத்து, ஈரச் சாக்கால் மூடினாள். "வா. வான்சீல் மொத்த மீனையும் தின்னுருப்பா."

சமையலறையில் சிஸ்டர் வான்சீல் உண்மையிலேயே ஒரு மீனைக் கையில் வைத்திருந்தாள். எர்லீன் கையைக் கழுவினாள். விரலின் கறுப்பு போகவில்லை. தலைமாட்டில் உட்கார்ந்து புதுக் காகிதம் ஒன்றை இழுத்துக்கொண்டாள்.

"மிஸ் டிஸ்டேல், நீங்க சொல்ல வேண்டாம். எனக்கு ஞாபகமிருக்கு. ஓடெல், நீ பேசாத. வான்சீல், நீ அழாத. மூக்கச் சிந்தினா கை நடுங்குது."

"ஒன் கையா, எங்கையா?"

"ரெண்டும்."

இந்தத் தடவை அவள் எழுத்து சிறிதாக இருந்தது. சாலில் நாற்று வைக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வைத்துக்கொண்டே போனாள். ஒரே இடத்தில் பேனா நின்றது. வார்த்தை தெரியாமல் அல்ல. பிறகு அதையும் எழுதினாள். முடித்ததும் எழுந்து நின்று, சபையில் வேதம் வாசிக்கிற குரலில் படித்தாள்.

"நான் எர்லீன் பிரிட்ஜன். கியானா ஆர்ட்டிஸ் நான் பெற்ற பிள்ளை அல்ல. நான் அவளைச் சட்டப்படி தத்தெடுக்கவும் இல்லை. அவள் பதினாலு வயதில், வளர்ப்புப் பிள்ளையாக, மாவட்ட நலத்துறையால் என் வீட்டில் விடப்பட்டாள். பதினெட்டு வயதுவரை அவளைப் பராமரிக்க மாநிலம் எனக்கு மாதாமாதம் பணம் கொடுத்தது. விண்ணப்பத்தில் தாய் தகப்பன் என்ற இடத்தில் என் பெயரையும் என் கணவர் பெயரையும் எங்கள் வருமானத்தையும் எழுதியது தவறு. எழுதியவள் நான், அவள் அல்ல. நான் சொல்லித்தான் அவள் அப்படிப் பதில் கொடுத்தாள். சட்டப்படி நான் அவளுடைய தாய் அல்ல."

தகரத்தில் தூறல் சத்தம் நின்றிருந்தது. சிஸ்டர் வான்சீல் மூக்கைச் சிந்தாமல் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க தவறுன்னு எழுதினது..." என்றாள் மிஸ் டிஸ்டேல். "நான் சொல்லித்தான்ங்கற வரி. அது தேவையில்ல."

"அது இருக்கும்."

மிஸ் டிஸ்டேல் இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். "இருக்கட்டும்" என்றாள். "கெடுதல் இல்ல. சட்டப்படின்னு ஒரு வார்த்தை சேத்திருக்கீங்களே?"

"ஏன், பொய்யா?"

"இல்ல."

"அப்ப அதுவும் இருக்கும்."

"இப்படி ஒருத்தி பக்கத்துல இருபத்தாறு வருஷம்" என்றான் ஓடெல். "எனக்கு யாராவது மாசாமாசம் குடுத்தாங்களா?"

கியானா எழுந்து வந்து உறையை எடுத்தாள். கல்லூரி அலுவலகத்தின் முகவரியை நடுவில் எழுதினாள். மாவட்டத்தின் சான்றை முன்னாலும் எர்லீனின் கடிதத்தைப் பின்னாலும் வைத்து மடித்துச் செருகினாள். ஒட்டும் ஓரத்தை நாக்கால் நனைத்து அழுத்தி, தேநீர்ச் சாடியை அதன்மேல் கொஞ்ச நேரம் ஏற்றி வைத்தாள். தபால்தலையைச் சிஸ்டர் வான்சீல் கொடுத்தாள். ஒன்று போதும், இரண்டு ஒட்டச் சொன்னாள்.

"சபைப் பணமா?" என்றான் ஓடெல்.

"எம் பணம். வாய மூடு."

வெளியே எல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. கியானா சேற்றில் கால் வைத்துத் தாண்டித் தாண்டிச் சாலையோரத் தபால் பெட்டிக்குப் போனாள். எர்லீன் படியில் நின்று பார்த்தாள். பெட்டிக்குள் உறையை வைத்து, எடுத்துப்போக வேண்டிய தபால் இருக்கிறது என்பதற்கான சின்னச் சிவப்புத் தகரக் கொடியை நிமிர்த்திவிட்டுத் திரும்பியவள், வேலியோரச் செடியருகே நின்று, நாளைக்கு எது மலரும் என்று மொட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள்.

தபால்காரர் டூயி பார்க்கரின் வண்டி இரண்டு மணி சுமாருக்கு வந்தது. கண்ணாடியை இறக்கி, உறையை எடுத்து, எட்ட வைத்து முகவரி படித்தார்.

"காலேஜுக்கா? போறது உறுதியா?" என்று படிப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஆகஸ்ட்ல போறா" என்று இங்கிருந்தே பதில் கொடுத்தாள் எர்லீன். "வழியில தொலைச்சிராதீங்க டூயி!"

"முப்பது வருஷத்துல ஒண்ணு தொலைச்சதில்ல."

"என் மாமியார் அனுப்பின கேக்கு?"

"அது தொலையல. சாப்பிட்டுட்டேன்." கொடியைத் தட்டி இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினார். தேங்கிய தண்ணீர் இருபுறமும் தெறிக்க, அது ஸ்பைட் பண்ணையின் பாதி நட்ட வயலைத் தாண்டிப் போயிற்று.

கியானா சமையலறைக்குள் வந்தபோது எர்லீன் தலைமாட்டில் உட்காரப் போனாள். அடுப்பில் மீன் பொரித்த இரும்புச் சட்டி அப்படியே இருந்தது. கியானா அதை இரண்டு கையாலும் தூக்கி, மேஜையில் அவளுக்கு நேராக, விரித்திருந்த செய்தித்தாள்மேல் வைத்தாள். பக்கத்தில் உப்பு ஜாடியையும் துணியையும் வைத்தாள்.

"என்னது?" என்றாள் எர்லீன்.

"எழுதினாலும் சேத்திதான். சத்தமா வேற படிச்சீங்க."

ஓடெல் மேஜையைத் தட்டிச் சிரித்தான். மிஸ் டிஸ்டேல் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு வந்து, "எம் பங்கும் இருக்கே" என்றாள்.

எர்லீன் சட்டியைப் பார்த்தாள். பெண்ணைப் பார்த்தாள். ஏப்ரன் பையிலிருந்து நாலாக மடித்த அந்த இரண்டு பக்கத்தை எடுத்து அவளிடம் நீட்டிவிட்டு, கைப்பிடி உப்பை அள்ளிச் சட்டியில் போட்டாள். கியானா அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, முக்காலிக்குப் போகாமல், மேஜையருகே இருந்த தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நல்லா அழுத்தித் தேயுங்க, மிஸ் எர்லீன்" என்றாள். "ஓரத்துல இன்னும் இருக்கு."